நீதிபதி ஏறிய ஒட்டகம்

அவருக்கு நீதிபதி என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். கறுப்புக் கோட்டுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. லிப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. காலையில் கருவிப் பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால், ஒரு அடுக்குமாடி, ஒரு ஆஸ்பத்திரி, நடுவில் ஒரு துணிக்கடை என்று அலைந்து, கிரீஸ் ஏறிய நகங்களோடு வீடு திரும்புவார். பாதியில் நின்ற லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களுக்கு வெளியிலிருந்து "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று கேட்கும் குரல் அவருடையது. நல்ல கனத்த குரல். கதவு திறந்ததும் அந்தக் குரலுக்கு உரிய ஆளைத் தேடுகிறவர்கள் முதலில் கொஞ்சம் மேலே பார்த்துவிட்டு, அப்புறம்தான் கீழே பார்ப்பார்கள்.

ஆமாம், ஆள் குட்டை. நாம் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டோம், அவருக்கு அது முடிகிற விஷயமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லா வருஷமும் முதல் வரிசை. வகுப்புப் போட்டோவில் தரையில் உட்கார்த்திய கும்பலில் ஒருவர். பஸ்ஸில் மேல்கம்பி எட்டாமல் பக்கத்து ஆளின் சட்டையைப் பிடித்து வசவு வாங்கியிருக்கிறார். கல்யாணப் போட்டோவில் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், இவர் பக்கத்தில் நிற்பார். அது போட்டோக்காரர் யோசனை என்று இவர் சொல்வார். மனைவி மறுத்துப் பேசமாட்டார், வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வார்.

மோட்டார் சைக்கிள் மேல் அவருக்கு இருந்த பித்துக்கு வேர் அங்கேதான் இருந்தது. சீட்டில் ஏறிக் கிளம்பிவிட்டால் எல்லாரும் ஒரே உயரம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் கொஞ்சம் சங்கடம், அதற்காக பூட்ஸின் குதிகாலைத் தடிமனாகத் தைத்து வைத்திருந்தார். மற்றபடி ஓட்டத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பக்கத்தில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே செயின் தளர்ந்திருப்பதைச் சொல்வார். ஒரு திருப்பம் எடுத்துவிட்டு டயரில் காற்று கம்மி என்பார். அளந்து பார்த்தால் கம்மியாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற இடத்தில் ஓட்டிகள் கூட்டம் ஒன்று சேரும். வங்கிக் கேஷியர், கண்ணாடிக் கடைக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். வண்டியை நிறுத்திவிட்டு வண்டியைப் பற்றிப் பேசுவது, பேசி முடித்துக் கொஞ்ச தூரம் ஓட்டுவது, மறுபடி நிறுத்திப் பேசுவது. வாரத்தில் ஒரு நாள் இதைச் செய்யாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. அந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சந்தைக்குப் புது வண்டி வந்தால் முதலில் நீதிபதி ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர் வாயைத் திறக்கும்வரை மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் சொல்வதற்குப் பெயர் அபிப்பிராயம் அல்ல, தீர்ப்பு.

இன்னொரு சட்டமும் உண்டு, அது உலகத்து ஓட்டிகள் எல்லாருக்கும் பொது. எந்த ஓட்டியும் தன் தப்பால் கீழே விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. ரோட்டில் மண் கிடந்தது, நாய் குறுக்கே வந்தது, எவனோ எண்ணெய் கொட்டிவிட்டுப் போனான். ஊரில் உள்ள நாய்களுக்கு மட்டும் வாய் இருந்தால் இவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இப்படியிருக்கும்போது, வருஷக்கணக்கில் பழைய வண்டிக்கே புதுச் சாயம் அடித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு கம்பெனி, ஒரே மூச்சில் மூன்று புது மாடல்களை இறக்கியது. வண்டி வருவதற்கு முன்னால் படம் வந்தது, படம் வந்த அன்றே நம் ஆட்கள் பெயர் சூட்டிவிட்டார்கள். சின்னதற்கு சோப்பு டப்பா. நடுவில் உள்ளது, எந்த கியரில் போட்டாலும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் என்று கேள்விப்பட்டதால், மாமியார். மூன்றாவது, காடு மேடு ஏறுவதற்கென்று செய்தது. நெடிய கால், நீண்ட கழுத்து, உயரத்தில் ஒரு சீட்டு. அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தபோது எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஷோரூமில் அவருக்கு ராஜ மரியாதை. அவர் தங்கையின் கணவர் அங்கேதான் வேலை செய்தார். கம்பெனியிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் வண்டிகளைப் பிரித்து, ஹேண்டில் மாட்டி, பேட்டரி இணைத்து, பிரேக் குழாயில் அடைத்திருக்கும் காற்றை வெளியேற்றி, ஓட்டத் தயாராக்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு. அதிகம் பேசாத மனிதர். தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நீதிபதி அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார், அவர் வந்தால் எழுந்து நிற்பார். வீட்டு மாப்பிள்ளைக்குரிய மரியாதையில் ஒரு குன்றிமணி குறைத்ததில்லை.

வண்டியை ஓட்டிப் பார்க்கப் போன அன்று மாப்பிள்ளை உள்ளே வேலையாக இருந்தார். மேனேஜர்தான் சாவிகளைத் தட்டில் வைக்காத குறையாக நீட்டினார். சோப்பு டப்பாவை ஓட்டினார், பரவாயில்லை. மாமியாரை ஓட்டினார், முணுமுணுப்பு உண்மைதான். மூன்றாவதாக ஒட்டகத்தில் ஏறினார். ஏறுவதற்கே கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தி, சுவரின் மேல் கால் வைத்துத்தான் ஏற வேண்டியிருந்தது. ஆனால் ஓட ஆரம்பித்ததும் அசந்துபோனார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வண்டியை அவர் ஓட்டியதில்லை. குழி இருந்த இடத்தில் குழி தெரியவில்லை, திருப்பத்தில் நினைத்த பக்கம் தானாகச் சாய்ந்தது. பிரேக்கோ, விரல் பட்டதும் சொன்ன பேச்சைக் கேட்டது. இந்த வண்டியை வாங்கியே தீர வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டுதான் ஷோரூமின் பின்முற்றத்துக்குள் திரும்பினார்.

முற்றத்தில் காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நடக்கிற வேகத்தில் ஹேண்டிலை முழுக்க ஒடித்து வளைக்க வேண்டியிருந்தது. வண்டி கொஞ்சம் தடுமாறுவதுபோல் இருக்க, கை பதறி முன் பிரேக்கைப் பிடித்துவிட்டது. ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் எப்பேர்ப்பட்ட வண்டியும் அந்தப் பக்கமே சாயும். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. நர்ஸுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான், தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அவர் காலை நீட்டினார். தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கால் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வண்டியும் அவரும் சேர்ந்து சிமென்டில் படுத்தார்கள்.

மண் இல்லை. நாய் இல்லை. எண்ணெய் இல்லை. பார்த்தவர்களும் யாரும் இல்லை. சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, பல்லைக் கடித்து, தனியாகவே வண்டியைத் தூக்கி நிறுத்தினார். ஹேண்டில் முனையில் சிராய்ப்பு, பிரேக் பிடி லேசாக வளைந்திருந்தது. அதற்குள் சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். பின்னால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் விற்பனைப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன சார், கீழ போட்டுட்டீங்களா?" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஒரு பிரேக் பிடி என்ன பெரிய விஷயமா? ஆனால் அந்தச் சிரிப்பும், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இரண்டு முகங்களும் அவரைப் பள்ளிக்கூடத்து முதல் வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தின. கனத்த குரலில், தீர்ப்புச் சொல்கிற அதே தோரணையில், "முன் பிரேக் கவ்வுது" என்றார். "லேசாத் தொட்டாலே சக்கரம் இறுகிடுது. பார்த்து வைங்க, யாராவது அடிபடப் போறாங்க."

மேனேஜரின் சிரிப்பு பட்டென்று நின்றது. நீதிபதிக்கு அந்த நிமிஷம் ஒரு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராத்திரி துணி மாற்றும்போது மனைவி பார்த்துவிட்டார். "தொடையில என்ன இது, இவ்வளவு கன்னிப்போயிருக்கு?"

"மெஷின் ரூம்ல இடிச்சுக்கிட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்கில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. சோப்பு டப்பா சிக்கனம், ஆனால் உயிர் இல்லை. மாமியாரோடு குடும்பம் நடத்தலாம், காதைப் பொத்திக்கொண்டால் போதும். ஒட்டகம் நல்ல வண்டிதான், ஆனால் முன் பிரேக் கவ்வுகிறது. கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விழுங்கிவிடலாம் என்றுதான் வந்திருந்தார். ஆனால் மேனேஜர் ஏற்கெனவே கேஷியரிடம் சொல்லி வைத்திருந்தார், கேஷியர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார், எல்லாரும் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒவ்வொருவராக ஷோரூமுக்குப் போய் ஒட்டகத்தை ஓட்டிவிட்டு வந்தார்கள். கேஷியர், "ஆமாங்க, லேசா கவ்வத்தான் செய்யுது" என்றார். கண்ணாடிக் கடைக்காரர், "எனக்கு விரல்லயே தெரிஞ்சுது" என்றார். வாட்ஸ்அப் குழுவில் சாயங்காலத்துக்குள் அந்த 'லேசா' கழன்றுபோய், 'படுபயங்கரமா' வந்து ஒட்டிக்கொண்டது. ஓட்டியே பார்க்காத ஒருவர், தன் நண்பருக்குத் தெரிந்தவர் தப்பிப் பிழைத்த கதையை எழுதினார். நர்ஸ் மட்டும் ஓட்டிவிட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை. நீதிபதி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தான் சொன்ன ஒரு பொய்க்கு இத்தனை பேர் சாட்சி சொல்வதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. கம்பெனி எவ்வளவு பெரியது, நம் ஒரு வார்த்தையிலா தேய்ந்துவிடப் போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கம்பெனி தேயவில்லை. கம்பெனி விசாரித்தது. மற்ற ஊர்களில் இந்த வண்டிக்கு எந்தப் புகாரும் இல்லை, உங்கள் ஷோரூமில் மட்டும் எப்படி, வண்டியைப் பொருத்தியது யார் என்று கேட்டது. மேனேஜர் விரலை நீட்டினார். அந்த விரல் மாப்பிள்ளையிடம் போய் நின்றது.

இது நீதிபதிக்குத் தெரியவந்தது ஒரு துணிக்கடை லிப்டின் மேல் அவர் உட்கார்ந்திருந்தபோது, போனில். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு நேரே ஷோரூமுக்கு ஓடினார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார், அதில் சந்தேகம் இல்லை. மாப்பிள்ளையைப் புது வண்டிப் பிரிவில் காணவில்லை. வாட்டர் வாஷ் செய்கிற கொட்டகையில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, யாருடைய சேற்று வண்டிக்கோ நுரை அடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தன.

இவரைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு வேகமாக வந்தார். "வாங்க மச்சான். உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க பிடிச்சப்போ எப்படிக் கவ்வுச்சு? ஒரே இழுப்பாவா, விட்டு விட்டா?"

நீதிபதி வாயைத் திறந்தார்.

"மூணு தடவை கழட்டிப் பார்த்துட்டேன் மச்சான். மத்தவங்க யார் சொல்லியிருந்தாலும் போங்கடான்னு விட்டுருப்பேன். நீங்க சொல்லியிருக்கீங்க. அப்ப என் கையிலதான் ஏதோ கோளாறு. ஒரே இழுப்புன்னா ஒரு இடத்துல பார்க்கணும், விட்டு விட்டுன்னா வேற இடம். அதான் கேக்குறேன்."

அந்த முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும், அது அவரிடம் இல்லை. "ஒரே இழுப்பா" என்றார்.

"அப்படியா? சரி மச்சான். இன்னைக்கு வேலை முடிச்சிட்டு அதைக் கழட்டிடுறேன்."

வெளியே வந்து வண்டியைக் கிளப்ப அவருக்குக் கை ஓடவில்லை. முதல் பொய் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பொய்யை அவர் தெரிந்தே சொன்னார், நம்பி வந்த மனுஷனிடம் சொன்னார், இல்லாத கோளாறைத் தேடி மாப்பிள்ளை இன்னொரு தடவை அந்த வண்டியைப் பிரிக்கப் போகிறார். தன்னைப்போல ஒரு அற்பனை அவர் அதுவரை சந்தித்ததில்லை. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது, அது சரியாகவும் இருந்தது.

கம்பெனி அடுத்த வாரம் ஷோரூமிலேயே ஒரு கூட்டம் போட்டது. ஓட்டிகளின் கருத்தை நேரில் கேட்பார்களாம். அந்தக் கூட்டத்தில் பிரேக் புகார் உறுதியானால் மாப்பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கூட்டத்தன்று காலையில் தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணா, அவரு சரியாச் சாப்பிடுறதில்ல. உக்காந்த இடத்துல விரலை மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டே இருக்காரு. என்னன்னு கேட்டா, இந்தக் கை இனிமே சரிப்படாது போலிருக்குங்கிறாரு. நேத்து பக்கத்து வீட்டுக்காரர் அவர் வண்டிக்கு பிரேக் மாத்தித் தரச் சொல்லிக் கேட்டாரு. எனக்குப் பயமா இருக்கு, வேற ஆளைப் பாருங்கன்னுட்டாரு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன் பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்கு. அது கம்பெனிக்காரன் தப்பு, இவரு கைத்தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடு அண்ணா. நீ சொன்னா நம்புவாங்க."

"சொல்றேன்மா" என்றார். அவள் நிம்மதியாகக் கிளம்பிப் போனாள். மனைவி அடுக்களை வாசலில் நின்று அவர் தொடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

ஷோரூமில் வண்டிகளைச் சுவரோரம் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். சின்ன வயது, ஆனால் குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்தவர். மைக் கைமாறிக்கொண்டே போனது. சோப்பு டப்பாவின் ஹாரன், நாய்க்குட்டி விக்கல் எடுக்கிற மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். மாமியாரின் கண்ணாடியில் தன் முழங்கையைத் தவிர எதுவும் தெரியவில்லை, பின்னால் லாரி வந்தாலும் முழங்கையைப் பார்த்துக்கொண்டேதான் சாக வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். ஒட்டகம் என்றதும் சிரிப்பு அடங்கியது. கேஷியர் எழுந்து பிரேக்கைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்தினார். கண்ணாடிக் கடைக்காரர் வழிமொழிந்தார். நர்ஸ் எழுந்து, "எனக்கு அப்படி எதுவும் தெரியல. எல்லாரும் சொல்றதால, எனக்குத்தான் பழக்கம் பத்தலையோன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம், ரப்பர் பூட்ஸோடு மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

நீதிபதி எழுந்தார். மைக்கை வாங்கவில்லை, அவர் குரலுக்கு அது தேவையில்லை.

"அந்த வண்டியில ஒரு கோளாறும் இல்ல. நான் அதைக் கீழ போட்டேன். போட்டுட்டு, பிரேக் கவ்வுதுன்னு பொய் சொன்னேன்."

அடுத்த கணம், நீங்கள் நம்பமாட்டீர்கள், கை தட்டினார்கள்.

கேஷியர் தழுதழுத்த குரலில் அதிகாரியிடம் சொன்னார்: "பாத்தீங்களா மேடம், இதான் எங்க நீதிபதி. தங்கச்சி வீட்டுக்காரர் வேலைக்கு ஆபத்துன்னதும் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்ல, நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்றார் நீதிபதி. கைதட்டல் இன்னும் பலமானது.

அதிகாரி மென்மையாகச் சொன்னார்: "உங்க நல்ல மனசு புரியுது சார். ஆனா இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்லும்போது என்னால ஒதுக்க முடியாது."

கதவோரத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "வேணாம் மச்சான். எனக்காக உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க."

நீதிபதி குறுகிப்போனார். வாழ்க்கை முழுக்க அண்ணாந்து பார்த்தே பழகியவர், இப்போது எல்லாரும் தன்னை அண்ணாந்து பார்ப்பதை முதல் தடவையாகக் கண்டார். அது உடம்பில் சாணியை அப்பியதுபோல் இருந்தது. பொய்யை நொடியில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் மாலை போடுகிறார்கள். இப்படியே உட்கார்ந்துவிட்டால் அவர் பெரிய மனுஷர், மாப்பிள்ளைக்கு வேலை போய்விடும், இரண்டும் ஒரே நாளில் நடந்துவிடும்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றார். "வாங்கன்னா வாங்க!"

பின்முற்றத்துக்கு ஒட்டகத்தைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். எல்லார் முன்னாலும், அதே கைப்பிடிச் சுவரில் கால் வைத்து ஏறினார். வெளி ரோட்டில் வேகமாக ஓட்டிக் காட்டி முன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. திரும்பி வந்து இன்னொரு தடவை, இன்னும் வேகமாக. அப்போதும் நேராகவே நின்றது. அதன் பிறகு முற்றத்துக்குள் வந்து, நடக்கிற வேகத்துக்கு இறங்கி, ஹேண்டிலை முழுக்க ஒடித்தார்.

தெரிந்தே விழுவது லேசான காரியம் இல்லை. உடம்பு அதற்குச் சம்மதிக்காது. கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கைப் பிடித்தார். வண்டி சாய்ந்தது. கால் தரையைத் தேடி அந்தரத்தில் உதைத்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். கன்னிப்போன அதே தொடை மேல் வண்டி படுத்தது. நர்ஸ் ஓடிவர, கையை ஆட்டித் தடுத்துவிட்டுத் தானே நகர்ந்து எழுந்தார்.

"கேஷியர், நீங்க ஏறுங்க. நான் செஞ்சதையே அப்படியே செய்யுங்க."

கேஷியர் நெடுநெடுவென்று வளர்ந்தவர். தயங்கித் தயங்கி ஏறினார். மெதுவாக வந்து, ஹேண்டிலை ஒடித்து, பிரேக்கைப் பிடித்தார். வண்டி அவருக்கும் சாய்ந்தது. அவர் காலைக் கீழே வைத்தார். வண்டி நின்றுவிட்டது.

"பாத்துக்கிட்டீங்களா?" என்றார் நீதிபதி. குரல் அவருக்கே அடையாளம் தெரியாதபடி மெலிந்திருந்தது. "இப்படிப் பிடிச்சா யாருக்கும் சாயும். எந்த வண்டியும் சாயும். அவருக்குக் கால் எட்டுது. எனக்குக் கால் எட்டல. அவ்வளவுதான் சமாச்சாரம். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு நல்ல வண்டி மேலயும், ஒரு நல்ல மனுஷன் மேலயும் பழி போட்டேன்."

'எனக்குக் கால் எட்டல' என்ற வார்த்தையை அவர் அதற்கு முன் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. பின்னால் யாரோ மூக்கால் சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். விற்பனைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

"எனக்கு அப்பவே லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார் கேஷியர், வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டே.

"அப்ப உள்ள மைக்கைப் பிடிச்சு அரை மணி நேரம் பேசினது யாரு?" என்றார் நர்ஸ்.

கண்ணாடிக் கடைக்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்க, மேனேஜர் வேகவேகமாகத் தலையாட்டினார். மாப்பிள்ளையின் வேலை தப்பித்தது என்பது எல்லாருக்கும் புரிந்தது.

ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தம் போட, மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நீதிபதியைப் பார்க்கவில்லை. பிரேக் பிடியைத் தடவிப் பார்த்தார், சிராய்ப்பைப் பார்த்தார். தன் வலது கையை ஒரு தடவை மடக்கி விரித்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், கையில் ஸ்பேனரோடு திரும்பி வந்தார். அந்த வேகத்தைப் பார்த்து மேனேஜர் இரண்டடி பின்னால் போனார். நீதிபதி நகரவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றார், அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தார்.

மாப்பிள்ளை வண்டியின் சீட்டைக் கழற்றினார். அடியில், சீட்டு உட்காரும் இடத்தில், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு காடிகள் வெட்டியிருந்தன. மேல் காடியிலிருந்து எடுத்துக் கீழ்க் காடியில் சீட்டைப் பொருத்தினார். அடிப்பக்கம் ஒரு போல்ட்டைத் தளர்த்தி வண்டியையே கொஞ்சம் இறக்கி முடுக்கினார். ஒரு திருகலைக்கூட இரண்டாம் தடவை சரிபார்க்கவில்லை.

"உயரம் கம்மியா இருக்கிறவங்களுக்குன்னே கம்பெனி வச்சிருக்கான் மச்சான். அன்னைக்கே கேட்டிருந்தா பத்து நிமிஷ வேலை" என்றார். "ஏறுங்க."

"மாப்ளே..."

"ஏறுங்க மச்சான்."

ஏறினார், இந்தத் தடவை சுவர் தேவைப்படவில்லை. மாப்பிள்ளை சிமென்ட் தரையில் மண்டியிட்டு, பூட்ஸுக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க, உள்ளங்கையை அவர் குதிகாலுக்குக் கீழே கொண்டுபோனார்.

நீதிபதி வெடுக்கென்று காலைத் தூக்கிக்கொண்டார். "ஐயோ, எந்திரிங்க மாப்ளே! நீங்க போயி என் காலை..."

"காலைக் கீழ வைங்க மச்சான். பாக்கணும்ல."

வெளுத்து ஊறிய அந்தக் கை தரையில் விரித்தபடி காத்திருந்தது. காலை வைக்காமல் இருக்க முடியவில்லை. மெதுவாக இறக்கினார், கை கடைசி நேரத்தில் உருவிக்கொண்டது. அந்தப் பக்கம் போய் இன்னொரு காலுக்கும் அப்படியே பார்த்தார்.

"எட்டுதா?"

அந்தக் குரலில் கோபமும் இல்லை, உறவும் இல்லை. ஷோரூமுக்கு வருகிற எந்த வாடிக்கையாளரிடமும் கேட்கிற குரல். நீதிபதி தலையை ஆட்டினார். மாப்பிள்ளை மண்டியிட்டபடியே முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க மச்சான். நீங்க சொன்னாத்தான் இங்க எல்லாரும் நம்புவாங்க."

"எட்டுது" என்றார் நீதிபதி. அது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.